பெயர் பதியும் இடம்



மலைநாட்டுத் தோட்டங்களிலே பிரட்டுக்களம் என்று ஓர் இடம் உண்டு. வைகறையிலே தொழிலாளர் அங்கு வந்து கூடுவர். கணக்கப்பிள்ளை பெயர்களைச் சரிபார்த்து, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் புல்வெட்டுக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அதன் பின்னரே அவர்கள் மலை ஏறுவர். செக்ரோல் என்று தோட்ட மக்கள் வழங்கும் பெயரேட்டிலே பெயர் இல்லாதவருக்கு அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. முதலிலே பெயர், பின்னரே வேலை என்பதுதான் அக்களத்தின் நியதி.

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தோட்ட வரலாறு அன்று. கணினிக்குக் கட்டளை எழுதும் கலையிலே இதே நியதி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தளர்ந்தது, தளர்த்தியவர்கள் எதனைப் பெற்றார்கள், எதனை இழந்தார்கள் என்பதே இப்பேச்சின் பொருள். வரலாறும் தமிழும் கற்ற கலைப் பட்டதாரி ஒருவன் இதனைப் பேசுவதைக் கண்டு நேயர்கள் வியக்கலாகாது. மொழிகளின் வரலாறு எந்த மொழியின் வரலாறாயினும் மொழி மாணவனுக்கு உரியதே. கணினி மொழிகளோ எழுபது ஆண்டுக்குள் பிறந்து, வளர்ந்து, தம்முள் சண்டையிட்டும் கொண்ட மொழிகள்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணினிக்கு ஒன்றன்பின் ஒன்றாக நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொடரைச் செய்நிரல் என்கிறோம். அக்கட்டளைகள் நடைபெறும்போது இடையிலே கிடைக்கும் எண்களையும் எழுத்துகளையும் வைத்துக்கொள்ளக் கணினியின் நினைவகத்திலே பெயரிட்ட பெட்டிகள் வேண்டும். பெட்டியின் பெயர் மாறாது; உள்ளே இருக்கும் பொருள் மாறும். ஆதலால் அதற்கு மாறி என்று பெயர். ‘இந்தப் பெயரில் ஒரு பெட்டி வேண்டும், அதில் முழு எண் வைக்கப்போகிறேன்’ என்று முன்கூட்டிச் சொல்வதே அறிவித்தல். இந்த அறிவித்தலைச் செய்நிரலின் தலைப்பிலே எழுதுவதா, மாறி முதன்முதல் வேண்டப்படும் வரியிலே எழுதுவதா, அன்றி எழுதாமலே விடுவதா என்பதுதான் வினா.

கணினி பிறப்பதற்கு முன்னரே இவ்வினாவுக்கு ஒரு விடை எழுதப்பட்டிருந்தது. 1843 ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் சார்ள்ஸ் பபேஜ் என்பார் கருதிய பகுப்புப் பொறியைப் பற்றி எடா லவ்லேஸ் அம்மையார் எழுதிய குறிப்புகளுள் ஏழாவது குறிப்பிலே பெரிய அட்டவணை ஒன்று உண்டு. பேர்ணூலி எண்கள் எனப்படும் எண்களைப் பொறி எவ்வாறு கணிக்கும் என்பதை அது படிப்படியாகக் காட்டுகிறது. அந்த அட்டவணையின் மேற்புறத்திலே மாறிகள் யாவும் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன: தரப்பட்ட எண்களுக்கு உரியவை இவை, இடைக்கணக்குக்கு உரியவை இவை, முடிவைத் தாங்குபவை இவை என்று மூவகையாக. அவற்றின் கீழேதான் கணக்கு நடக்கிறது. பொறியோ இரும்பில் உருப்பெறவே இல்லை. ஆயினும் பெயர்களைத் தலைப்பிலே நிறுத்திவிட்டு வேலையைக் கீழே நடத்தும் வழக்கத்தின் முதல் ஏட்டை நாம் அங்கே காண்கிறோம்.

பொறிகள் மெய்யாகவே வந்த பின்னர் நிகழ்ந்தது வேறு. 1957 இலே ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் பக்கஸும் அவர்தம் குழுவினரும் போட்ரான் என்னும் மொழியை வெளியிட்டனர். கணிதச் சமன்பாட்டை ஏறத்தாழ எழுதுகின்றபடியே எழுதினால் பொறி விளங்கிக்கொள்ளும் என்பது அதன் பெருமை. அது முதன்முதல் இயங்கிய ஐ.பி.எம். 704 என்னும் பொறியின் நினைவகம் 4,096 சொற்கள் முதல் 32,768 சொற்கள் வரையே கொண்டது. செய்நிரல் அட்டைகளிலே துளையிடப்பட்டது. எழுதும் வரிகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நன்மை. ஆகவே தனி எண்ணைத் தாங்கும் மாறிகளுக்கு அறிவித்தலே வேண்டாம் என்று விட்டனர். பெயரின் முதலெழுத்தே அதன் இனத்தைச் சொல்லிவிடும்: ஆங்கில நெடுங்கணக்கிலே ஐ முதல் என் வரையுள்ள ஆறு எழுத்துகளில் ஒன்றினால் தொடங்கினால் அது முழு எண்; ஏனைய எழுத்தினால் தொடங்கினால் தசம எண். கணித நூல்களிலே வரிசை எண்களை ஐ, ஜே, கே, என் என்று குறிக்கும் பழைய வழக்கத்தை ஒட்டி எழுந்த விதி இது. வரிசையாகப் பல எண்களைத் தாங்கும் அணிகளுக்கு மாத்திரம் எத்தனை இடம் வேண்டுமென முன்னரே சொல்லவேண்டியிருந்தது.

தலையெழுத்தைக் கொண்டு சாதி சொல்லும் விதி என்று இதனைப் பகடியாகக் கூறலாம். அதன் விளைவைக் காட்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைப்பேன்.

அமெரிக்கர் முதன்முதல் மனிதரை விண்ணுக்கு அனுப்பிய திட்டம் மெர்க்குரித் திட்டம். 1958 இலே தொடங்கி 1963 இலே நிறைவெய்தியது. அத்திட்டத்தின்போது விண்கலத்தின் பாதையைக் கணிக்கப் பயன்பட்ட போட்ரான் செய்நிரல் ஒன்றிலே, ஒரு கணக்கை ஒன்று முதல் பத்து வரை பத்து முறை திரும்பச் செய் என்று ஒரு வரி எழுதவேண்டியிருந்தது. ஒன்றுக்கும் பத்துக்கும் இடையே காற்புள்ளி இடவேண்டிய இடத்திலே முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. காற்புள்ளி இருந்தால் அஃது ‘பத்து முறை செய்’ என்னும் கட்டளை. முற்றுப்புள்ளி விழுந்ததால் எண் ஒன்று தசம் பத்து ஆயிற்று. போட்ரானோ சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பொருட்படுத்தாத மொழி. எனவே ‘செய்’ என்னும் சொல்லையும், வரி எண்ணையும், மாறியின் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து ‘டிஓ10ஐ’ என்று புதியதொரு பெயராக வாசித்துக்கொண்டது. அப்படி ஒரு மாறி உண்டா என்று கேட்கும் கடமை அதற்கு இல்லை. பெயர் ‘டி’ என்னும் எழுத்தினால் தொடங்கியதால் அது தசம எண் தாங்கும் பெட்டி. ஒன்று தசம் பத்தை அதனுள் இட்டுவிட்டு, முறையீடு எதுவும் இன்றி அடுத்த வரிக்குச் சென்றுவிட்டது. பத்து முறை நடக்கவேண்டிய கணக்கு ஒரே முறை நடந்தது.

நற்காலமாக ஒருவர் இதனைக் கண்டுபிடித்துத் திருத்தினார். உயிருக்குக் கேடு நேரவில்லை. 1962 ஜூலை 22 ஆந் திகதி ஏவப்பட்டு ஐந்து நிமிடத்துக்குள் அழிக்கப்பட்ட மரினர் 1 என்னும் கலத்தின் அழிவுக்கு இந்தப் புள்ளியே காரணம் என்று பல நூல்கள் எழுதியுள்ளன. அது தவறு. மரினர் கலத்தின் வழிகாட்டும் சமன்பாட்டைப் பெயர்த்தெழுதியபோது ஓர் எழுத்தின் மேலே இடவேண்டிய கோடு விடுபட்டதே அங்கு நேர்ந்த பிழை. இரண்டு கதைகளும் நாளடைவிலே ஒன்றாகக் கலந்துவிட்டன. வரலாற்று மாணவர் இத்தகைய கலப்புகளைப் புராணங்களில் மட்டும் தேடுவர். அறிவியல் நூல்களிலும் தேடலாம்.

போட்ரான் வழங்கத் தொடங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நேர் எதிரான வழி ஒன்று பிறந்தது. வாணிகத் துறைக்கென 1959 இலே கூடிய குழுவொன்று கோபோல் என்னும் மொழியை வகுத்து 1960 இலே வெளியிட்டது. அதிலே செய்நிரல் நான்கு பிரிவுகளை உடையது. மூன்றாம் பிரிவு முழுவதும் தரவுகளின் பெயர்ப் பட்டியல், நான்காம் பிரிவு செயல்முறை. பட்டியலிலே இல்லாத பெயரைச் செயல்முறையிலே சொல்ல இயலாது. வங்கிக் கணக்குகளையும் சம்பளப் பட்டியல்களையும் நடத்துவோர் இதனை விரும்பியதில் வியப்பில்லை. பிரட்டுக்களமும் செக்ரோலும் போன்ற ஏற்பாடே அது.

ஆனால் நமது வினாவுக்கு ஆழமான விடையைத் தந்தது அல்கோல் என்னும் மொழி. 1960 ஜனவரியிலே பாரிஸ் மாநகரில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த பதின்மூவர் கூடி அதனை வகுத்தனர். டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர் அதன் அறிக்கையைப் பதிப்பித்தார். அவர்கள் செய்நிரலைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தனர். ‘தொடங்கு’ என்னும் சொல்லுக்கும் ‘முடி’ என்னும் சொல்லுக்கும் இடையே உள்ளது ஒரு தொகுதி. ஒரு தொகுதிக்குள்ளே இன்னொரு தொகுதி அமையலாம், ஒரு வீட்டினுள்ளே அறைகள் அமைவதுபோல. ஒவ்வொரு தொகுதியின் தலைப்பிலும் அதற்குரிய மாறிகள் அறிவிக்கப்படும். தொகுதி முடிந்ததும் அந்தப் பெயர்கள் மறையும். அவற்றின் பெட்டிகள் நினைவகத்துக்கு மீளும். அறைக்குள் பிறந்த பெயர் முற்றத்திலே செல்லாது.

இதனை நேயர்கள் சிறிது ஊன்றி நோக்க வேண்டும். அதுகாறும் பெயர் எங்கே எழுதப்படுகிறது என்பது ஏட்டின் ஒழுங்கைப் பற்றிய செய்தியாக மட்டுமே இருந்தது. அல்கோலிலோ பெயர் எழுதப்படும் இடமே அப்பெயரின் ஆயுளையும் எல்லையையும் தீர்மானிக்கலாயிற்று. இந்த ஏற்பாட்டுக்குப் பொறியிலே இடங்கொடுப்பது எவ்வாறு என்பதும் விரைவிலே விளங்கிற்று. 1960 ஆகஸ்டிலே ஆம்ஸ்ரடாமில் டைக்ஸ்ட்ராவும் சொன்னவெல்டும் அல்கோல் மொழிக்குத் தொகுப்பி ஒன்றை, அதாவது மனிதர் எழுதிய நிரலைப் பொறியின் நிரலாக மாற்றும் கருவியை, இயக்கிக் காட்டினர். தொகுதிக்குள் நுழையும்போது அதன் பெட்டிகளை ஓர் அடுக்கின் மேலே வைப்பதும், வெளியேறும்போது மேலிருந்து எடுத்துவிடுவதுமே அங்கே கையாண்ட உபாயம். விருந்திலே அடுக்கிய தட்டுகளை மேலிருந்து எடுப்பது போன்றது. தலைப்பிலேயே பெயர்கள் யாவும் தெரிந்துவிட்டால், எத்தனை தட்டு வேண்டும் என்று நுழையும்போதே கணக்கிட்டுவிடலாம் அல்லவா? தலைப்பிலே அறிவித்தல் என்னும் விதிக்குப் பொறியின் வசதியும் ஒரு காரணம் என்பது இதனாற் பெறப்படும்.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே ஆசிரியராயிருந்த நிக்லாவுஸ் விர்த் இதே கொள்கையை இன்னும் இறுக்கினார். 2024 ஜனவரி முதலாந் திகதி மறைந்த அப்பெரியார் 1970 இலே வெளியிட்ட பாஸ்கல் என்னும் மொழி, மாணவருக்கு நிரலாக்க ஒழுக்கத்தைக் கற்பிக்கவென்றே வகுக்கப்பட்டது. அதிலே முதலில் மாறிலிகள், பின்னர் இனங்கள், அதன்பின் மாறிகள், அதன்பின் சிறு செயல்முறைகள், கடைசியிலேதான் ‘தொடங்கு’ என்னும் சொல்லும் அதனைத் தொடரும் கட்டளைகளும். வரிசையை மாற்ற முடியாது. நிரலை மேலிருந்து கீழாக ஒரே முறை வாசித்து மாற்றிவிடக்கூடிய தொகுப்பி வேண்டும் என்பது விர்த்தின் நோக்கம். நூலுக்குப் பாயிரம் போன்று நிரலுக்கு இந்த அறிவிப்புப் பகுதி. பாயிரம் இல்லாத பனுவலைப் பனுவலென்றே கொள்ளாத நமது இலக்கண ஆசிரியர்கள் விர்த்தின் கட்சியிலே சேர்ந்திருப்பார்கள் என்றே கருதுகிறேன்.

பாஸ்கல் நமக்கு அயலான மொழி அன்று. இலங்கையிலே க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்ற ஒரு தலைமுறை மாணவர் நிரலாக்கத்தின் அரிச்சுவடியைப் பாஸ்கலிலேதான் படித்தனர். அவருள் உயர் தரத்திலும் அப்பாடத்தைத் தெரிந்தோர் அங்கே பைதன் என்னும் மொழியைச் சந்தித்தனர். மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்தும், பசறை, லுணுகலைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு வீட்டிலே கணினி இருப்பது அரிது. பாடசாலைக் கணினி அறையிலே கிடைக்கும் சில பாடவேளைகளே அவர்தம் முழுப் பயிற்சியும். அத்தகைய பிள்ளையொருத்தி ஒரு நாள் என்னிடம், “சேர், போன வருசம் எல்லாப் பெயரையும் தலையிலே எழுதாவிட்டால் புள்ளி இல்லை என்றார்கள். இப்போது எழுதவே வேண்டாம் என்கிறார்கள். எது சரி?” என்று வினவினாள். கேட்கத் தகுந்த வினா. இரண்டு மொழிகளுக்கும் இடையே நாற்பது ஐம்பது ஆண்டு விவாதம் கிடக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் அவளுக்குச் சொல்லவில்லை.

அந்த விவாதத்தின் நடுப்பகுதியிலே சி என்னும் மொழி நிற்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் ரிச்சி 1972 அளவிலே அதனை உருவாக்கினார். 1989 இலே அதற்கு வகுக்கப்பட்ட நியமம், அல்கோலைப் போன்றே, தொகுதியின் தலைப்பிலே மாறிகளை அறிவிக்கவேண்டும் என்றது. ஆனால் சி மொழியிலே ஓர் அபாயம் உண்டு. தொகுதியின் உள்ளே அறிவிக்கப்பட்ட மாறிக்கு நாம் பெறுமானம் கொடுக்கும்வரை அப்பெட்டியிலே முன்னர் வேறு வேலைக்குப் பயன்பட்ட குப்பையே கிடக்கும். தலைப்பிலே பெயரை எழுதிவிட்டு நாற்பது வரிக்குக் கீழே பெறுமானம் கொடுக்க நினைத்தவர், இடையிலே மறந்து அந்தக் குப்பையையே எடுத்துக் கணக்கிட்டுவிட இடமுண்டு. செக்ரோலிலே பெயர் இருக்கிறது, ஆள் வரவில்லை, ஆயினும் அவர் பறித்த கொழுந்து என்று ஏதோ ஒரு நிறையை எழுதிவிடுவதற்கு ஒப்பானது அது.

இதற்கு மாற்றுக் கண்டவர் டென்மார்க்கிலே பிறந்த பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப். 1979 இலே அதே பெல் ஆய்வுகூடத்திலே தொடங்கி, 1983 இலே சி பிளஸ் பிளஸ் என்று பெயர் பெற்ற மொழியிலே, மாறியை எந்த வரியிலும் அறிவிக்கலாம் என்று அவர் விதித்தார். அவருக்கு முன்னரே 1968 இன் அல்கோல் இத்தகைய உரிமையை வழங்கியிருந்தது. அம்மொழியைப் பெரும்பாலோர் கையாளவில்லை. ஸ்ட்ரவுஸ்ட்ரப் கூறிய காரணம் எளியது. கொடுக்கப் பெறுமானம் கைக்கு வந்த இடத்திலேயே பெயரையும் வைத்தால், பெயர் உண்டு, பொருள் இல்லை என்னும் இடைக்காலம் நேராது.

இதனை விளக்க நமது தோட்டங்களின் கூத்து உதவும். அச்சிலே வரும் நாடக நூலை எடுத்தால் முதற் பக்கத்திலே நாடக பாத்திரங்கள் என்ற பட்டியல் இருக்கும். ஐந்தாம் அங்கத்திலே ஒருமுறை தோன்றி மறையும் காவலாளியின் பெயரும் அங்கே உண்டு. வாசகர் அதனை ஐந்தாம் அங்கம்வரை நினைவிலே சுமக்கவேண்டும். சுமப்பதில்லை என்பது வேறு விடயம். மாசி மாதத்திலே லயங்களின் முன்னே ஆடப்பெறும் காமன் கூத்தையோ, அருச்சுனன் தபசையோ பாருங்கள். அங்கே பட்டியல் இல்லை. மன்மதன் வரும்போது அவன் வரவைச் சொல்லும் பாட்டு ஒலிக்கும். ரதி வரும்போது அவளது வரவு. இன்னார் வருகிறார் என்று கேட்கும் கணத்திலேயே அவர் வேடம் புனைந்து நம் கண்முன் நிற்கிறார். பெயர் வேறு, ஆள் வேறு என்று பிரிந்து நிற்கும் நேரமே இல்லை. பாஸ்கல் அச்சு நாடகத்தைப் போன்றது. சி பிளஸ் பிளஸ் கூத்தைப் போன்றது. பார்ப்பவரின் நினைவைச் சோதிக்காதது கூத்துத்தான் என்பது என் துணிபு.

இங்கே காரணமும் மாறியதை நேயர்கள் உணர்வர். 1960 இலே தலைப்பு விதிக்குப் பொறியின் சிறுமை ஒரு காரணம். எண்பதுகளிலே பொறியின் நினைவகம் பெருகிற்று. தொகுப்பிகள் ஒரு முறைக்குப் பதிலாகப் பல முறை வாசிக்கும் ஆற்றல் பெற்றன. பெருகாதது மனிதரின் நினைவு. இரண்டாயிரம் வரி நிரலை வாசிப்பவர் ஒரு பெயரின் இனத்தை அறிய மேலே சென்று மேலே சென்று திரும்பவேண்டியிருந்தது. ஆகவே விதியைப் பொறிக்காக வகுப்பதா, வாசிப்பவருக்காக வகுப்பதா என்ற நிலை வந்தபோது வாசிப்பவரின் கட்சி வென்றது. 1999 இலே திருத்தப்பட்ட சி நியமமும் எந்த வரியிலும் அறிவிக்கலாம் என்று இசைந்தது. கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றிலே எண்ணிக்கைக்குப் பயன்படும் மாறியை அச்சுற்றின் தலைப்பிலேயே அறிவிக்கவும் இடங்கொடுத்தது. அவ்வாறு அறிவித்த மாறி சுற்று முடிந்ததும் மறைந்துவிடும்.

இது பண்டிதரின் தர்க்கம் மட்டுமே என்று எண்ணுவோருக்கு 2022 ஆம் ஆண்டின் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். அண்ட்ராயிட் கைபேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் லினக்ஸ் என்னும் கருநிரல் இயங்குகிறது. உலகின் பெரும்பாலான சேவைக் கணினிகளும் அதனாலேயே இயங்குகின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இலே தொடங்கிய அந்தக் கருநிரல், முப்பது ஆண்டு கடந்தும் 1989 இன் பழைய சி நியமத்தையே தழுவி நின்றது. அதனால் சுற்றின் மாறிகளைச் சுற்றுக்கு வெளியே, தலைப்பிலே அறிவிக்கவேண்டியிருந்தது. சுற்று முடிந்த பின்னரும் அம்மாறி உயிரோடு இருந்தது. அதிலே கிடப்பது மெய்யான பொருள் அன்று என்பதை மறந்து, கீழே அதனைப் பயன்படுத்திய இடங்கள் சில இருந்தமை ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியின்போது வெளிப்பட்டது. விவாதத்தின் முடிவிலே டோர்வால்ட்ஸ், மாறியைச் சுற்றுக்கு உள்ளேயே அறிவிக்க முடிந்தால் இப்பிழை எழவே எழாது என்று கண்டு, 2022 மே மாதம் வெளியான 5.18 ஆம் பதிப்பிலிருந்து கருநிரலைப் புதிய நியமத்துக்கு மாற்ற இசைந்தார். ஒரு பெயரை எந்த வரியிலே எழுதுவது என்ற வினா, நம் சட்டைப் பையிலே இருக்கும் கருவியின் காப்புடன் தொடர்புற்ற கதை இது.

இனி அறிவித்தலே வேண்டாம் என்ற கட்சியைப் பார்ப்போம். 1964 மே முதலாந் திகதி அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிலே கெமெனியும் கேர்ட்சும் பேசிக் என்னும் மொழியை இயக்கினர். கணிதம் பயிலாத மாணவரும் கணினியைத் தொடவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஆகவே முன்னறிவிப்பு என்னும் வாயிற்படியை நீக்கினர். 1995 இலே பிரெண்டன் ஐக் பத்து நாளிலே எழுதியதாகச் சொல்லப்படும் ஜாவாஸ்கிரிப்ட், அறிவித்தலை விரும்பினால் எழுதலாம் என்றது. எழுதாமற் பெறுமானம் கொடுத்தால் அப்பெயர் நிரல் முழுவதற்கும் பொதுவாகிவிடும். எழுதினாலோ வேறொரு விநோதம்: சார்பு எனப்படும் சிறு நிரலின் கடைசி வரியிலே அறிவித்தாலும், மொழி அதனைத் தானே மேலே தூக்கிச் சென்று தலைப்பிலே வைத்ததாகக் கொள்ளும். மனிதர் கீழே எழுத, பொறி மேலே வாசிக்கும் இந்த ஏற்பாட்டினாலே பலர் இடர்ப்பட்டனர். 2015 இலே அதன் நியமத்தைத் திருத்தியோர், தொகுதிக்குள் அடங்கி நிற்கும் புதிய அறிவித்தல் முறை இரண்டைச் சேர்த்தனர். பாரிசிலே அல்கோல் பெயருக்கு வகுத்த எல்லைக்கு ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து வந்து சேர்ந்தனர் என்று சொல்லலாம்.

பைதன், கீடோ வான் ரொசம் என்பார் 1991 இலே வெளியிட்ட மொழி. அங்கே பெறுமானம் கொடுப்பதே பெயரிடுதலும் ஆகும். 2009 இலே முத்தையா அண்ணாமலை தமது கட்டுரையிலே விவரித்த எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் இதே வழியைப் பின்பற்றியது. தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழியிலே நிரல் எழுதிப் பழகவென்று பிறந்த மொழி, வாயிற்படியைத் தாழ்த்தியதிலே நியாயம் உண்டு. 2008 இலே வந்த பைதன் மூன்றாம் பதிப்பு முதல் பைதனிலும் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம்.

அந்த வசதியைக் கொண்டே அபாயத்தையும் காட்டுகிறேன். ‘மொத்தம்’ என்று ஒரு மாறிக்குப் பூச்சியம் கொடுத்து, ஒவ்வொரு மாணவரின் புள்ளியையும் அதனோடு கூட்டுமாறு ஒரு சுற்று எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டிய விடையை வைக்கும் இடத்திலே தவறுதலாக ஓர் எழுத்து விடுபட்டு ‘மொதம்’ என்று விழுந்துவிட்டது. பாஸ்கலாயின், இப்பெயர் பட்டியலிலே இல்லையே என்று அங்கேயே நின்றுவிடும். பைதன் நில்லாது. ‘மொதம்’ என்னும் புதிய பெட்டியொன்றைத் திறந்து, அதிலே விடையை வைத்துவிட்டுச் செல்லும். முடிவிலே ‘மொத்தம்’ எவ்வளவு என்று கேட்டால் பூச்சியம் என்று அமைதியாக விடை தரும். மெர்க்குரித் திட்டத்து முற்றுப்புள்ளியின் தம்பி இது.

ஓர் எழுத்து மாறினால் ஆளே வேறாகிவிடும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் புதிதாகக் கற்பிக்கவேண்டிய பாடம் அன்று. பரீட்சைக்கு முன்னர் மாணவரின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பங்களிலே அதிபர் என்னும் முறையில் கையொப்பமிடும்போது பிறப்புச் சான்றிதழ்களைப் பார்க்க நேர்கிறது. தந்தையின் பெயர் சான்றிதழிலே ஒரு விதம், தோட்டப் பெயரேட்டிலே ஒரு விதம், அவருடைய அடையாள அட்டையிலே மூன்றாவது விதம். கருப்பையாவும் கறுப்பையாவும் ஒருவரே என்று நிறுவச் சத்தியக் கடதாசி வேண்டும், கச்சேரிக்கு நடை வேண்டும். சொன்னதைக் காதினால் கேட்டு, தமக்குத் தோன்றியவாறு எழுதிக்கொண்டவர் ஒருகாலத்திலே ஏடு திறந்தமையின் பலன் அது. பைதனிலே விழுந்த எழுத்துப் பிழையை அவர்கள் எவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும்.

ஆகவே அந்த மாணவியின் வினாவுக்கு என் விடை இவ்வாறு அமைந்தது. பாஸ்கலும் சரி, பைதனும் சரி. இரண்டும் வேறு வேறு பேரத்தைச் செய்துள்ளன. பாஸ்கல் எழுதுபவரிடம் முன்பணம் கேட்கிறது, எழுத்துப் பிழையிலிருந்து அவரைக் காக்கிறது. பைதன் முன்பணம் கேட்பதில்லை, காவலையும் தருவதில்லை. மேலும் பைதனிலே அறிவித்தல் அடியோடு ஒழிந்துவிடவும் இல்லை. ஒரு சார்பினுள்ளே எந்த வரியிலேனும் ஒரு பெயருக்குப் பெறுமானம் கொடுத்தால், அப்பெயர் அச்சார்பு முழுவதிலும் உட்பெயர் என்றே அம்மொழி கொள்ளும். வெளியே அதே பெயரில் மாறி இருந்தாலும், மேல் வரியிலே அதனைக் கேட்டால் ‘இன்னும் பெறுமானம் பெறாத பெயர்’ என்று பிழை காட்டி நிற்கும். எழுதாத அறிவித்தலொன்று தலைப்பிலே ஒளிந்து நிற்கிறது என்பதே அதன் பொருள். பைதன் எழுதத் தொடங்கியோர் இந்த இடத்திலே தடுக்கி விழாமல் இருப்பது அரிது.

பின்னர் நிகழ்ந்தவையும் கவனிக்கத் தக்கவை. 2016 டிசம்பரிலே வந்த பைதன் 3.6 ஆம் பதிப்பு, பெறுமானம் கொடாமலே ஒரு பெயரையும் அதன் இனத்தையும் எழுதிவைக்க வழிவிட்டது. கட்டாயம் இல்லை, விரும்பினால் எழுதலாம். மறுபுறத்திலே முதுபெரும் போட்ரானும் மாறியது. முதலெழுத்தைக் கொண்டு இனம் கொள்ளும் விதியை நீக்கிவிட ஒரு கட்டளை 1990 இன் நியமத்திலே சேர்ந்தது. நிரலின் நடுவிலே சிறு தொகுதி ஒன்றைத் திறந்து அங்கே மாறியை அறிவிக்கும் உரிமை 2008 இன் நியமத்திலே வந்தது.

எமது கணினி அறையிலே பைதன் எழுதும் உயர்தர மாணவர் சிலர், பாஸ்கல் பழக்கத்தினால், முதல் ஏழெட்டு வரிகளிலே எல்லா மாறிகளுக்கும் பூச்சியம் இட்டுவிட்டே தொடங்குகின்றனர். பாட ஆசிரியர் அவற்றை வீண் வரிகள் என்று அடித்துவிடுவார். கூட்டுத்தொகைக்கு இட்ட பூச்சியத்தை அடிக்கவேண்டாம் என்றும், அதனைச் சுற்றுக்கு நேர் மேலே இறக்கி எழுதச் சொல்லலாம் என்றும் அவரிடம் கூறியிருக்கிறேன். சுற்றின் எண்ணிக்கை மாறிக்கும், பரீட்சைப் புள்ளியை வாசிக்கும் மாறிக்கும் தலைப்பிலே இட்ட பூச்சியங்களை அவர் அடித்துவிடுவதிலே எனக்கு மாறுபாடு இல்லை.